தெய்வானையிடம் கேட்ட கேள்வி

"வாட் இஸ் ஹேப்பினஸ் டு யூ?" என்று பகவதி கேட்டாள், கையிலிருந்த பனங்கிழங்கைச் சடக்கென்று இரண்டாகப் பிளந்துகொண்டே. எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்த தெய்வானை தன் கிழங்கின் நாரை முழுக்க உரித்து ஓரமாகப் போட்டுவிட்டு, பிறகுதான் வாயைத் திறந்தாள். "குக்கிங் ஃபார் மை ஃபேமிலி இஸ் மை ஹேப்பினஸ்." அட்சரம் பிசகவில்லை. ஆனால் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. மகிழ்ச்சியைப் பற்றிச் சொல்கிறவள் முகத்தில் அது துளியாவது தெரிந்தால் என்ன, கரண்ட் பில் வாசிக்கிறவள் மாதிரி. "சிரிச்சுக்கிட்டே சொல்லணும்ட்டி. அந்தப் பிள்ள உன் மூஞ்சியத்தான பாக்கும்?" "பல்லு தெரியச் சிரிக்கவா மதினி, தெரியாமச் சிரிக்கவா?" கொஞ்ச நேரத்தில் போன் வந்துவிடும். இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் இப்போதுதான் காலைக் காப்பி நேரமாம், சனிக்கிழமை, மாப்பிள்ளை ஆவுடையப்பனின் மகள் நிவேதா லீவில் இருப்பாளாம். எந்த ஊரிலாவது இப்படி உண்டா? மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வருவாள், அக்காள் வருவாள், பெரியம்மா வந்து பெண்ணின் முடியைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்ப்பாள். இங்கே மாப்பிள்ளையின் மகள் பெண் பார்க்கிறாள், அதுவும் போனில், அதுவும் இங்கிலீஷில். ஐப்பசியில் ஆவுடையப்பன் வந்திருந்தபோது நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார், முழுசாக உட்கார்ந்தால் வாடகை கேட்பார்களோ என்கிற மாதிரி. கல்லிடைக்குறிச்சிக்காரர், லீட்ஸில் ஏதோ குடோனில் கணக்கு பார்க்கிறார், மனைவி போய்ச் சேர்ந்து நாலைந்து வருஷம். எனக்குச் சம்மதம்தான், என் மக சரின்னு ஒரு வார்த்தை சொல்லிரணும், அவளுக்குத் தமிழ் வராது பாத்துக்கிடுங்க, என்றார். தமிழ் வராதாம். வளர்த்த லட்சணம். ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியதைப் பகவதி பார்த்துவிட்டாள். அந்த இடத்தில்தான் அவளுக்கு அந்த மனுஷனைப் பிடித்தது. மகளுக்குப் பயப்படுகிற ஆண் மோசமானவனாக இருக்க மாட்டான். இருக்க மாட்டானா? யார் கண்டது. ஒரு தரம், ஒரே ஒரு தரம் பார்த்தது. வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கவே நாலு கடை ஏறி இறங்கினோம்.

அடுத்த கிழங்கை எடுத்தாள். சூடு ஆறிப்போய் மஞ்சள் வாசனை அடித்தது. விசாவுக்கும் ஒரு ஆங்கிலப் பேச்சுப் பரீட்சை உண்டு என்று ஆவுடையப்பன் சொல்லி, போனில் ஏதோ ஒரு வெள்ளைக்காரி பாடம் நடத்துகிற வீடியோவும் அனுப்பியிருந்தார். அந்த அம்மாள் ஊர் எது, பேர் என்ன என்று கேட்டு நிறுத்துகிறவள் இல்லை. பணம், மகிழ்ச்சி, வாழ்க்கையில் வந்த மாற்றங்கள், இந்த மூன்றைப் பற்றியும் பேசினால்தான் மொழி வரும் என்கிறாள். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுத் தெய்வானை, "இதெல்லாம் வெளியாளுட்டச் சொல்ற சமாச்சாரமா மதினி? வீட்டுக்குள்ளயே யாரும் பேசுறதில்லையே" என்றாள். பகவதிக்கு அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது. பேசக் கற்றுக்கொடுப்பது என்ன பெரிய வித்தை, கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதீன் எப்படிக் கற்றுக்கொடுத்தாளோ அப்படி. சிஸ்டர் கேள்வி கேட்பாள், பதிலையும் அவளே சொல்வாள், நாற்பது பிள்ளைகளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்லும். உன் லட்சியம் என்ன? நர்ஸாகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன். நாற்பது பிள்ளைகளுக்கும் அதே லட்சியம். அதில் ஒருத்திகூட நர்ஸாகவில்லை, ஆனால் அந்த வாக்கியத்தை இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பகவதியால் சொல்ல முடியும். பேச்சுப்போட்டியில் கப் வாங்கினாள். அந்த வாயோடு கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து, இங்கிலீஷ் பேசியது யாரிடம்? காஸ் கம்பெனிக்காரனிடம், அவன் எடுக்காத போனில். மகனுடைய பள்ளிக்கூடத்தில் வருஷம் ஒரு தடவை, அங்கேயும் அந்த டீச்சர், மேடம் தமிழ்லயே சொல்லுங்க என்றாள். புருஷன் சங்கரலிங்கத்திடம் பேசினால், அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அப்படிக் கிடந்த வாய்க்கு இந்த மத்தியான நேரம் கிடைத்தது. அவர் சாப்பிட்டுத் தூங்கப் போனதும், பாத்திரம் கழுவி முடித்ததும், இரண்டு பேரும் இப்படி உட்கார்ந்து, கீரையோ வெங்காயமோ கிழங்கோ நடுவில் வைத்துக்கொண்டு, அவள் கேட்க இவள் சொல்ல, தப்பாகச் சொன்னால் மூதி, கூறுகெட்டவளே என்று திட்ட, திட்டு வாங்கினவள் சிரிக்க. தெய்வானை போன பிறகு இந்த நேரத்தை என்ன செய்வது? போன பிறகு. அந்த இடத்தில் மனசு இடறிக்கொண்டது. போன பிறகு டிவி பார்க்கலாம். எல்லாரும் பார்க்கத்தானே செய்கிறார்கள்.

"மனி சொல்லு. இஸ் மனி இம்பார்ட்டண்ட் டு யூ?" "மனி இஸ் நாட் எவ்ரிதிங். லவ் இஸ் எவ்ரிதிங்." சொல்லிவிட்டுத் தெய்வானை கிழங்கைக் கடித்தாள். மென்று முழுங்கிவிட்டு, "அப்படியா மதினி?" என்றாள். "என்ன அப்படியா?" "இல்ல, சும்மா கேட்டேன்." "பரீட்சைக்குப் படிக்கிறதுல அப்படியான்னு கேட்டா எவளும் பாஸாக மாட்டா. சொல்லிட்டுப் போவியா." பாவி, கேட்டாளே ஒரு கேள்வி. மாசக் கடைசியில் சங்கரலிங்கம் வெற்றிலைப் பெட்டியில் பூட்டி வைக்கிற ரூபாய் கொஞ்சம் என்றால் அன்பு அந்த அளவுக்குக்கூட இல்லை, அதை இவளிடம் சொல்லவா முடியும். அன்பில்லாமலா இத்தனை வருஷம், அதுவும் உண்டுதான், அது வேறே மாதிரி, வெயிலில் குடை கொண்டுவந்து கொடுப்பார், வாயைத் திறந்து சொல்ல மாட்டார். தெய்வானைக்கு அதுவும் இல்லை. தச்சநல்லூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து அவள் புருஷன் போனபோது அவளுக்கு முப்பத்தொன்று. பிள்ளையும் இல்லை. அண்ணன் வீடு என்று வந்தாள், பெட்டியோடு. அன்றைக்கு வாசலில் அவளைப் பார்த்ததும் பகவதிக்கு வந்த முதல் எண்ணம் இரக்கம் இல்லை, எந்த அறையைக் கொடுப்பது என்கிற எரிச்சல். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அப்படித்தான் வந்தது, என்ன செய்ய. பிறகு மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன வளையல் கடை போட்டு உட்கார்ந்திருந்தாள் கொஞ்ச காலம். ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த வரிசைக் கடையெல்லாம் போயிற்று. போனது போயிற்று என்று அடுப்படிக்கு வந்துவிட்டாள். வந்து அப்படியே நிறைந்துவிட்டாள். அந்தச் சொதி! தேங்காய்ப்பாலை அப்படித் திரியாமல் கொதிக்க வைக்க இந்தத் தெருவில் ஒருத்திக்கும் கை வராது. அவளுக்குச் சமையல் என்றால் உயிர். அதனால்தானே அந்த வாக்கியத்தையே பகவதி அப்படி எழுதி, இல்லை எழுதவில்லை, வாயாலேயே சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றினாள். உண்மையைச் சொன்னால்தான் தடுமாறாமல் வரும்.

ஹாலில் சங்கரலிங்கம் புரண்டு படுக்கிற சத்தம். தூங்கவில்லை, தூங்குவதுபோல் கிடக்கிறார். தங்கச்சியின் கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்து இதே நடிப்பு. நீ சொன்னாச் சரி, என்றார், அத்தோடு கடமை தீர்ந்தது. யாரும் கேட்காமல் பகவதி தானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை இது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்த இடத்தில் பக்கத்து இலைக்காரி தன் அண்ணன் ஆவுடையப்பனைப் பற்றிச் சொல்ல, பாயசம் வருவதற்குள் பகவதி பேசி முடித்துவிட்டாள். என்ன வேகம். இப்போது ராத்திரி விழித்துக்கொண்டால் பிறகு தூக்கம் வரமாட்டேன் என்கிறது. ஏன் செய்தோம்? அவளுக்கு ஒரு வாழ்க்கை வேண்டுமே என்றா? நாளைக்கு நமக்குப் பிறகு யார் பார்ப்பார் என்றா? இல்லை, தெருவில் நாலு பேர், நாத்தனாருக்கு எப்படி ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறாள் பார் என்று சொல்லவா? மூன்றும்தான். மூன்றையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை, இந்தக் கிழங்கில் எது நார், எது சதை என்று தெரிகிற மாதிரி மனசில் தெரியமாட்டேன் என்கிறது. "லைஃப் சேஞ்ச் சொல்லு. ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப் சேஞ்ச்?" "நோ. ஐ ஆம் நாட் அஃப்ரெய்ட். சேஞ்ச் இஸ் குட்." மாற்றம் நல்லதாம். எவள் சொன்னாள்? நான்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் என்ன மாற்றம், மண்ணெண்ணெய் ஸ்டவ் போய் காஸ் வந்தது, மாமியார் போய்ச் சுவரில் படமானாள், மகன் ஓசூருக்குப் போனான். நானாக எதையும் மாற்றவில்லை. அவ்வளவு தூரம் பிளேனில் இவள் தனியாகப் போகப்போகிறாள். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் நகரும் படிக்கட்டைப் பார்த்துவிட்டு, நீங்க ஏறுங்க மதினி, நான் இங்கனயே நிக்கேன் என்று பிடிவாதம் பிடித்தவள். அந்தக் குளிரில் அவள் மூட்டு என்ன ஆகும். அங்கே யாராவது தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவார்களா? கேட்டால் சிரிப்பார்கள். வேண்டாம் என்று இப்போதுகூடச் சொல்லலாம். போனை எடுக்காமலே விட்டுவிடலாம். அந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் பிடிக்காமல் போய் அதுவே வேண்டாமென்று சொல்லிவிட்டால்? அப்படி நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு கொஞ்சம் லேசானதைப் பகவதி கையும் களவுமாகப் பிடித்தாள். சீ. என்ன புத்தி இது.

போன் அலறியது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. அங்கே எல்லாம் நேரம் தவறாதவர்கள் என்றது இதுதானா. தெய்வானை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், பகவதி அவள் தலைமுடியை இரண்டு பக்கமும் தட்டி ஒதுக்கி, போனை எவர்சில்வர் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, திரையில் தெரியாத இடமாகப் பார்த்து எதிரே உட்கார்ந்தாள். வாயசைத்தால் தெய்வானைக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. திரையில் ஒரு பெண், குட்டைத் தலைமுடி, தூக்கக் கலக்கம், கையில் ஒரு கிண்ணம், அதில் பாலில் ஊறுகிற எதுவோ. பொட்டு இல்லை. ஆனால் ஆவுடையப்பனின் மூக்கு அப்படியே. ஹலோ ஆன்ட்டி என்றது. வேகமாகத்தான் பேசியது, ஆனால் நின்று நின்று பேசவும் முயன்றது. அதைப் பார்த்ததும் பகவதிக்கு, இந்தப் பிள்ளையும் நேற்று ராத்திரி ஒத்திகை பார்த்திருக்கும் என்று தோன்றியது. பேர், ஊர், வெயில் எல்லாம் முடிந்து, உங்களுக்கு எதில் சந்தோஷம் ஆன்ட்டி என்று அதே கேள்வியைக் கேட்டேவிட்டது. தெய்வானை சிரித்தாள், பல் தெரிய. "குக்கிங் ஃபார் மை ஃபேமிலி இஸ் மை ஹேப்பினஸ்." அப்படிப் போடு. பகவதி தொடையில் தட்டிக்கொண்டாள். அந்தப் பெண் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தது. என் அம்மாவும் வருகிறவர்கள் எல்லாரிடமும் இதையேதான் சொல்வாள் ஆன்ட்டி, என்று மெதுவாகச் சொன்னது, அவளுக்குச் சமையல் சுத்தமாகப் பிடிக்காது, எனக்கு மட்டும் தெரியும், உங்களுக்கு நிஜமாகவே பிடிக்குமா? இது வீடியோவில் இல்லாத கேள்வி. சிஸ்டர் பெர்னதீன்கூடக் கேட்காத கேள்வி. தெய்வானை நிமிர்ந்து பகவதியைப் பார்த்தாள். எஸ், எஸ் என்று பகவதி உதட்டை அசைத்தாள், தலையையும் ஆட்டினாள், எஸ், ஐ லைக் வெரி மச், சொல்லுட்டி. தெய்வானை அவளையே கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைப் போன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நோ," என்றாள்.

போச்சு. எல்லாம் போச்சு. நோவா? என்ன நோ? பகவதிக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது, அதற்குள் தெய்வானையின் குரல் மட்டும் கேட்டது, அவள் சொல்லிக்கொடுக்காத வார்த்தைகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கிற மாதிரி. "குக்கிங் ஐ நோ லைக். ஐ லைக் ஷாப். பேங்கிள் ஷாப். ஐ சிட். பீப்பிள் கம். டாக், டாக், லாஃப். மனி மை ஹேண்ட். நோபடி ஆஸ்க்." உள்ளங்கையை விரித்துப் போனுக்கு நேராகக் காட்டினாள், கிழங்கு நார் ஒட்டியிருந்த கை. கடையா? அந்தச் சின்னக் கடையா? அதை இடித்த அன்றைக்கு இவள் அழக்கூட இல்லையே. சாயங்காலம் வந்து தோசைக்கு மாவு கரைத்தாளே. அப்படியானால் அந்தச் சொதி? அந்தப் புளியோதரை, தீபாவளி முறுக்கு, சங்கரலிங்கத்துக்குக் காரம் குறைத்துத் தனியாக எடுத்து வைத்தது, எல்லாம் பிடிக்காமலா? பிடிக்காமல் அப்படி ஒரு ருசி வருமா? திரையில் அந்தப் பிள்ளை சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. பிறகு முகம் மாறி, இங்கே வர உங்களுக்குப் பயமாக இருக்கிறதா என்றது. "எஸ். வெரி வெரி." எனக்கும்தான், என்றது அது, அம்மாவுடைய கிச்சனில் வேறொருத்தர் நிற்பதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது, ஸாரி ஆன்ட்டி. தெய்வானை யோசிக்கவே இல்லை. "ஐ நோ கோ கிச்சன். கிச்சன் யுவர் அம்மா." அப்போது யார் சமைப்பார்கள் என்று அது கேட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "யுவர் அப்பா!" என்றாள் தெய்வானை. இரண்டு பேரும் சிரித்தார்கள், இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தி, நடுவில் ஒரு செம்பு. நான் அப்பாவிடம் சரியென்று சொல்லிவிடுகிறேன் என்று அந்தப் பெண் சொன்னதும், போன் அணைந்ததும், தெருவில் ஒரு கோலமாவுக்காரன் கூவிக்கொண்டு போனதும் எல்லாம் பகவதிக்கு ஒரே சமயத்தில் நடந்த மாதிரி இருந்தது.

"அடுப்படியே பிடிக்காதாட்டி உனக்கு?" "பிடிக்காது மதினி." "இத்தன வருஷமா! ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" தெய்வானை தரையில் கிடந்த நாரையெல்லாம் ஒரு கையால் கூட்டிச் சேர்த்தாள். கோபம் எதுவும் இல்லை அவள் முகத்தில். "யாரு மதினி கேட்டாவ? இங்கிலீசுல மட்டுந்தான கேட்டாவ." ஹாலில் புரண்டுகொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டிருந்தது. நாரை அவள் கூட்டிச் சேர்ப்பதையே பகவதி பார்த்தாள். நானும்தானே கேட்டேன், தினம் தினம் கேட்டேன், உனக்கு எது சந்தோஷம், உனக்கு எது சந்தோஷம் என்று. கேட்ட கையோடு பதிலையும் நானே சொல்லிவிட்டேன். அது ஒரு கேள்வியா? கேள்வி என்றால் வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அந்தப் பிள்ளை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இருந்ததே, அந்த மாதிரி. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? நானே போய் அடுப்பில் வெந்திருப்பேனா? தெரியவில்லை. திட்டியிருப்பேன். முதலில் திட்டியிருப்பேன், பிறகு ஒரு நாலு நாள் கழித்து எங்கேயாவது கடைக்கு இடம் பார்த்திருப்பேன். பார்த்திருப்பேனா? அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கேட்டுக்கொண்டு, உறுதியாக ஒரு ஆம் கிடைக்காமல், பகவதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். காப்பி நேரம். வழக்கம்போல் தெய்வானையும் எழப்போனாள். "இரி," என்றாள் பகவதி. "இல்ல மதினி, நான் போட்டுட்டு..." "இரின்னா இரிட்டி. சவம், சொன்னாக் கேக்க மாட்டா."

பாலை அடுப்பில் வைத்தாள். காப்பித்தூள் கிடைத்தது, சீனி கிடைக்கவில்லை. ஒரு டப்பாவைத் திறந்தால் ரவை, அடுத்ததில் உளுந்து, அதற்கடுத்ததில் என்னவென்றே தெரியாத ஒரு பொடி. தன் வீட்டு அடுப்படியில் திருடி மாதிரி நின்றுகொண்டு ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். சங்கரலிங்கம் எழுந்துவந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, கண்டதை நம்பாதவர் மாதிரி தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனார். போகட்டும். அவரிடமும் ஒரு நாள் கேட்க வேண்டும், எந்த மொழியில் என்றுதான் தெரியவில்லை. பாலில் ஆடை சுருங்கத் தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் கொலுசில்லாத அந்தக் காலடி வந்து நிற்பது தெரிந்தது. திரும்பாமலே, திரும்பினால் கேட்க முடியாது என்று பட்டதால், "தெய்வானை, உனக்குப் போணும்னு இருக்கா?" என்றாள். கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றாள். போகத்தானே செய்வே, அங்க நல்லா இருப்பே, வேண்டாம்னா விட்டுரு, பயப்படாத, எத்தனையோ வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து முட்டியது, ஒன்றையும் விடவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான காரியம் அவள் செய்ததில்லை. பால் ஒரு பக்கமாக மேலேறியது. "போணும் மதினி," என்றாள் தெய்வானை. சின்னக் குரல்தான், ஆனால் எங்கும் இடறவில்லை. பிறகு, கொஞ்சம் கழித்து, "உங்கள விட்டுட்டுப் போறதுதான்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். பகவதி அதை முடித்துக்கொடுக்கவில்லை. அடுப்பைத் தணித்தாள். "சீனி எங்கட்டி வச்சிருக்க?" "மேல்தட்டுல, ரெண்டாவது." எட்டி எடுத்தாள். மூடி இறுக்கமாக இருந்தது, கை வழுக்கியது, கண்ணில் வேறு என்னவோ நிறைந்துகொண்டு டப்பா இரண்டு மூன்றாகத் தெரிந்தது. தெய்வானை கதவு நிலையில் சாய்ந்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, யாரோ சமைப்பதை முதல்தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை. பகவதியும் கூப்பிடவில்லை.